பாதிக் கும்பிடு

அயர்லாந்துக்கு வந்த முதல் ஞாயிறு, பூசையில் ஒரு கை என்னை நோக்கி நீண்டது. சமாதானம் பகிரும் நேரம். பக்கத்தில் நின்ற நோரா, டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், முகமெல்லாம் சிரிப்பாக வலது கையை நீட்டினார். நான் இரண்டு கைகளையும் கூப்பி, தலையைக் குனிந்து, ஊர் முறைப்படி ஒரு கும்பிடு போட்டேன். அவர் தன் கையைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். பிறகு கூப்பிய என் கைகளை அப்படியே தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். கை கொடுப்பதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க் கோவிலில் பூசை பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கம். மேலத்தெருவும் கிறிஸ்தவர்கள், காலனியும் கிறிஸ்தவர்கள். ஒரே கோவில், ஒரே பூசை, ஒரே நற்கருணை. மேலத்தெருக்காரர்கள் பீடத்துக்கு முன்னால் உட்காருவார்கள். காலனிக்காரர்களான நாங்கள் பக்கவாசலை ஒட்டிப் பின்னால். அப்படி உட்காரச் சொல்லி யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. போர்டு இருந்தாலாவது கழற்றிப் போட்டிருக்கலாம். சமாதான நேரம் வந்தால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கும்பிடுவோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டினார். மேலத்தெரு இன்னாசியும் அங்கே டிரைவர்தான். ஒரே லாரியை ஷிப்ட் மாற்றி ஓட்டியவர்கள், ஒரு டீயை வாங்கி இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்கள். ஒருமுறை லாரிக் கதவில் அப்பாவின் விரல் நசுங்கியபோது, தன் துண்டைச் சுற்றி அந்தக் கையை மடியில் வைத்துப் பிடித்தபடியே டவுன் ஆஸ்பத்திரிவரை வந்தவர் இன்னாசி. ஞாயிற்றுக்கிழமை அதே இரண்டு பேரும் கோவிலுக்குள் எட்ட நின்று கும்பிட்டுக்கொள்வார்கள். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒருநாள் மட்டும் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம், "கோயிலுக்குள்ள ஒருதரம் அந்தாளு எங் கையப் புடிச்சா போதும்டி" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்கு ஓர் இளம் சாமி மாற்றலாகி வந்தார். விடுமுறையில் நான் வீட்டில் இருந்த ஒரு ஞாயிறு, பிரசங்கத்தில் போட்டு உடைத்துவிட்டார். "நற்கருணையில ஆண்டவரோட உடல நாக்குல வாங்குறீங்க. பக்கத்துல நிக்கிறவன் கையத் தொட மட்டும் கூசுதா? இன்னையிலேர்ந்து இங்க சமாதானம்னா கை குடுக்கணும்."

அந்த நேரம் வந்தபோது பின்வரிசையிலிருந்து அப்பா நடுவழியில் நடந்து போனார். இன்னாசியின் முன்னால் நின்று கையை நீட்டினார். இன்னாசி அப்பாவைப் பார்த்தார், சுற்றி நின்ற தன் தெருச் சனத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்த ஆரம்பித்தார். சளியே இல்லாத மூக்கை எவ்வளவு நேரம்தான் சிந்துவது? அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் நீட்டிய கையை மற்றக் கையோடு சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

மேலத்தெரு ஆட்கள் அன்றைக்கே சாமியின் பங்களாவுக்குப் போனார்கள். "கும்புடுறதுதாங்க சாமி நம்ம பண்பாடு. கை குடுக்குறதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம்." கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் அதே ஆட்கள்தான். மறுவாரமே கும்பிடு திரும்பிவிட்டது. இன்னாசி முகத்தைத் திருப்பும் முன்பே அப்பா கையைக் கூப்பிவிட்டார். ஏம்பா என்று கேட்டேன். "நாமளே முந்திக்கிட்டா அந்தாளுக்குச் சங்கடம் இல்லல்ல" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அயர்லாந்து மட்டும் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர், என் கை மேலே பட்டதும் வேறு நர்சைக் கூப்பிடச் சொல்லுவார். அதுவும் உறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் அதைப் பண்பாடு என்று சொன்னதில்லை.

சொன்னவள் நான்தான். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு டீ குடிக்கும்போது நோரா கேட்டார்: உங்கள் கும்பிடு எத்தனை அழகு, தொடாமலே இவ்வளவு மரியாதையா! பக்கவாசலும் கைக்குட்டையும் என் நாக்கு நுனிவரை வந்தன. வெள்ளைக்காரர்கள் முன்னால் ஊர் மானத்தைக் கப்பலேற்ற மனசு வரவில்லை. "யெஸ், தமிழ் கல்ச்சர்" என்றேன். மேலத்தெருக்காரர்கள் சாமியிடம் சொன்ன அதே வசனம், இங்கிலீஷில். நோரா பங்குக்குருவிடம் சொல்ல, அவர் என்னைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். செம்பட்டைத் தலைகள் வரிசையாகக் குனிந்து கும்பிட்டன. கோவிலே கைதட்டியது. ஊரில் ஒருநாளும் நிற்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாகக் கூசிப் போனேன்.

போனில் அப்பா அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பூசையில ஒனக்கும் கை குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்கப்பா."

"எப்புடி இருக்கும் கை?"

"குளிருக்குச் சில்லுன்னு இருக்கும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார், தனக்கே யாரோ கை கொடுத்ததுபோல.

பிறகு ஒரு நாள், "இன்னாசி போயிட்டாரும்மா" என்றார். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாத்தேன். கை ரெண்டையும் கூப்பி, செபமாலையச் சுத்திக் கட்டி வெச்சிருந்தாங்க."

இரண்டாயிரத்து ஆறில் விடுப்பில் போனேன். எங்கள் கோவிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பின்வரிசையில் நடுவழிக்கு இந்த ஓரம் நான், அந்த ஓரம் அப்பா. சமாதானம் என்றதும், யார் பார்த்தால் என்ன என்று அப்பாவை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் சட்டென்று இரண்டு கைகளையும் கூப்பி, தலை குனிந்து, பெற்ற மகளைக் கும்பிட்டார். நிமிர்ந்த பிறகுதான் என் கையைக் கவனித்தார். "பழகிப்போச்சும்மா" என்றார் மெதுவாக. அதற்குள் எல்லாரும் அடுத்த செபத்துக்கு முழங்காலிட்டுவிட்டார்கள்.

இங்கே ஞாயிறுதோறும் நோரா கையை நீட்டுகிறார். என் கைகள் தாமாகவே கூடிவிடுகின்றன. அப்புறம்தான் நினைவு வந்து வலது கையைப் பிரித்து அவரிடம் கொடுக்கிறேன். இடது கை மட்டும் நெஞ்சுக்கு நேரே, மற்றக் கை திரும்பி வரட்டும் என்பதுபோல, விரித்தபடியே நிற்கிறது.