லேத் ஓட்டிய சாமி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். இன்றைக்கு பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் என் ஷெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தால் யாருக்கும் கால் வலிக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை, எவன் சிபாரிசிலும் வந்ததல்ல அது. இத்தனை ஆட்களைக் கட்டி மேய்க்க எங்கே கற்றீர்கள் என்று என் மருமகன் கேட்பார். கற்கவில்லை, சின்ன வயதிலேயே இருந்தது. மர்பி டவுனில் அப்பா மேல் சாமி வந்த அன்று, எங்கள் வாசலில் முண்டியடித்த கூட்டத்தை வரிசையில் நிறுத்தியவன் நான்தான்.

அப்பா லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னர். வேலையில் சூரர். பட்டறை விட்டால் நேராகச் சாராயக் கடை. அப்புறம் அப்புறம், காலையில் ஒரு வாய் ஊற்றிக்கொள்ளாவிட்டால் சட்டைப் பொத்தான் போடக் கை ஒத்துழைக்காது என்ற நிலை. ஆனால் வருஷா வருஷம் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். மலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார். அதனால் எங்கள் தெருவில் அவரைக் குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை. "நெனச்சா நிறுத்திக்கிறாரு இல்ல? அப்புறம் இன்னா குடிகாரன்?" என்பார்கள். அம்மாவும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் காலை அப்பாவுக்கு உட்காரவே முடியவில்லை. சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு நடந்தார். கறுப்பு வேட்டி வியர்வையில் நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது. நானும் பின்னாலேயே நடந்தேன். ஏனென்று தெரியாமல் எனக்கும் கால் நிற்கவில்லை. அம்மா பங்களா வேலைக்குப் போயிருந்தாள். திடீரென்று வாசல்படியில் அப்பா நின்றார். உடம்பு உதறியது. கண் எங்கோ போயிற்று. இரண்டு கைகளும் காற்றில் எதையோ பிடித்துச் சுற்றத் தொடங்கின.

"ஐயோ, சாமி வந்துடுச்சு!" என்று எதிர்வீட்டு அக்கா கூவினாள். அவ்வளவுதான், தெருவே திரண்டது. வருஷாவருஷம் எங்கள் தெருக்காரர்களை மலைக்கு அழைத்துப் போகும் குருசாமி கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார். ஆளாளுக்குக் காலில் விழப் பார்த்தார்கள். நான் குறுக்கே கையை நீட்டி, "முட்டாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, சாமி எங்கயும் போவாது" என்று நிறுத்தினேன். நேற்றுவரை என்னை ஆட்டத்தில் சேர்க்காத பையன்கள் என்னிடம் கெஞ்சி நின்றார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் ஆள் எதிர்வீட்டு அக்கா. "சாமி, என் தம்பிக்கு வேல கெடைக்குமா?"

"டூல மாத்துடா!" என்று அப்பா கத்தினார். "மழுங்கிப்போச்சு, மாத்து!"

"கேட்டீங்களா? கம்பெனி வேலயே கெடைக்குமாம்!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பா சுவரைத் தட்டித் தட்டி "எறும்பு, எறும்பு" என்றார். சுவருக்கும் கற்பூரம் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். "வரிசையில வாம்மா" என்றேன். என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு முன்னால் போய் நின்று, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்தாள். தினமும் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்.

"குருசாமி, அந்தக் கைய பாருங்க. சாமி எங்கனா லேத் ஓட்டுமா?"

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். "போன வருசமும் இப்டித்தான் கை ஆடிச்சு. வெரதம்னு நெனச்சுக்கினு இருந்துட்டேன். இது சாமி இல்ல, சாராயம். நிறுத்துனதும் ஒடம்பு கேக்குது. நான் வேல செய்ற பங்களா ஐயாவுக்கும் இதே மாதிரி ஆயி, ஆஸ்பத்திரில சேத்தாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். அம்மா பெயரைச் சொன்னதும் கூட்டம் பின்வாங்கியது. மனநோய் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி அது. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வோம். "வேணாம்மா, சாமி போயிடும்" என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"மாலையோட அங்கயா? குத்தமாயிடும் தாயி" என்றார் குருசாமி.

அம்மாவின் கை அப்பாவின் கழுத்துக்குப் போயிற்று. குருசாமி அந்தக் கையைத் தடுத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, தாமே மாலையைக் கழற்றித் தம் கழுத்தில் போட்டுக்கொண்டார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஓடு, ஆட்டோ புடி!" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில், குடியை விட்டு எத்தனை நாள் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். நிறைய நாள் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, நிறுத்துவதற்கும் வைத்தியம் வேண்டும், நல்ல வேளை கொண்டுவந்தீர்கள் என்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் அப்பா எங்களை அடையாளம் கண்டு பேசினார். ஜுரம் விட்டாயிற்று, வீட்டுக்குப் போகலாம், ஆனால் குடிப்பழக்கத்துக்கென்று தனி வார்டு இருக்கிறது, விருப்பமிருந்தால் அங்கே தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். குருசாமியும் வந்திருந்தார். "எழுந்து வா சாமி, மலைக்குப் போயி அவன் காலப் புடிச்சுக்கலாம்" என்றார்.

அப்பா கைகளைத் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். "மலையேறலாம் குருசாமி. எறங்குன அன்னிக்கே குடிச்சுடுவேனே. வருசா வருசம் அதான நடக்குது? தனியா என்னால நிறுத்த முடியல. நான் இங்கயே இருக்கேன்."

குருசாமி அப்பா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நானும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறினோம்.

"அப்பாவுக்கு இனிமே சாமி வருமா?"

"வராதுடா."

எனக்கு அழுகை வந்தது. தெருவே விழுந்து கும்பிட்ட மனுஷனை இவள்தானே அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள்? கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அம்மா தூங்கிவிட்டிருந்தாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தலை ஜன்னல் கம்பியில் இடித்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, சுற்றி இருந்த இரைச்சல் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. உலுக்கினேன், அவள் எழுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

"நம்ம ஸ்டாப் போயிடுச்சும்மா!"

"போனா போவட்டும்டா" என்று கண்ணைத் திறக்காமலேயே சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள். புருஷனை அந்த ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இப்படி ஒருத்தி தூங்குவாளா? என் அம்மாவைப் போலக் கல்நெஞ்சுக்காரி இந்த பெங்களூரிலேயே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, பஸ் எங்கே போகிறதென்று தெரியாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.