தப்பான கேலரியில் ஒரு ஞாயிறு

ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரும் எந்த வேலையும் எனக்கு ஆகாது. கால்பந்தும் அதில் சேர்த்தி. ஆனாலும் போன ஞாயிறு கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போனேன். காரணம் என் மச்சினன் டோனி. ஆஸ்டின் டவுனில் பந்து உதைத்து வளர்ந்தவனை இந்த சீசனில் வெளிமாநில அணி ஒன்று எடுத்திருக்கிறது. எடுத்ததோடு சரி, இதுவரை ஒரு நிமிடம்கூட ஆட விடவில்லை. அந்த அணி பெங்களூர் வருவது இந்த ஒரு முறைதான். சொந்த ஊரிலாவது இறக்குவார்களா என்று அவன் அக்கா, அதாவது என் மனைவி ஸ்டெல்லா, ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

ஆட்டம் ஐந்து மணிக்கு. கார் எடுக்காதீர்கள், பார்க்கிங் தேடியே பாதி ஆட்டம் போய்விடும். வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் கப்பன் பார்க் வரை முக்கால் மணி நேரம், டிக்கெட் நூறு ரூபாய்க்குள். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் எதையும் உள்ளே விடமாட்டார்கள். நான் பவர் பேங்கை எதிரே இருந்த இளநீர்க்காரரிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

உள்ளே போய் நின்ற பிறகுதான் வினை புரிந்தது. ஸ்டெல்லா வீட்டார் இத்தனை வருடமும் உள்ளூர் அணிக்காகக் கத்தியவர்கள். பழக்க தோஷத்தில் அதே கேலரியிலேயே டிக்கெட் போட்டிருந்தாள். சுற்றிலும் டிரம், கொடி, பாட்டு. அந்தக் கேலரியில் ஆட்டம் முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது, எதிரணிக்காக வாய் திறக்கவும் கூடாது. எங்கும் எழுதிப் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நிற்பது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. பாவம், அவள்தான் தவித்துப்போனாள்.

கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. அதனால் ஆட்டம் எட்டத்தில் நடக்கும், முதல் கால் மணி நேரம் எனக்குப் பந்தைத் தேடுவதிலேயே போயிற்று. இடைவேளைக்குப் பிறகு மாற்று ஆட்டக்காரர்கள் அந்தத் தடத்தில் உடம்பைச் சூடாக்க வந்தார்கள். டோனி எங்களுக்கு நேர் கீழே குதித்துக்கொண்டிருந்தான்.

“ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டா போதும்ங்க, பாத்துடுவான்,” என்றாள் என் காதருகே. கூப்பிடவில்லை, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு முறை கோச் கையசைத்தார், இரண்டு முறையும் வேறு யாரோ போனார்கள். மூன்றாவது முறை டோனியைக் கூப்பிட்டார். மேலங்கியைக் கழற்றிக் கோட்டருகே நின்றான். அந்த நேரம் பார்த்து டோனி அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கோச் மனம் மாறி அவர் இடத்துக்கு வேறொருவரை இறக்கினார். டோனி மேலங்கியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

உள்ளூர் அணி ஒரு கோலில் ஜெயித்தது. பத்து நிமிடத்தில் கேலரி காலி. மெட்ரோவில் கூட்டம் சேருமே என்று நான் பறந்தேன். ஸ்டெல்லா அசையவில்லை.

“இருங்க. ஆடாதவங்க இப்பதான் ஓடுவாங்க.”

எனக்கு இது தெரியாது. ஆட்டத்தில் இறங்காதவர்களுக்கு உடம்பு விட்டுப்போகக் கூடாது என்று, எல்லோரும் போன பிறகு மைதானத்தில் ஓட விடுவார்களாம். டோனியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஓட்டம், மூச்சு வாங்கல், மறுபடி ஓட்டம்.

காவலாளி வந்தார். “மேடம், கேட் மூடணும், பேக பேக,” என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார்.

“என் தம்பி ஆடிட்டிருக்கான் சார். முடியட்டும்,” என்றாள் ஸ்டெல்லா.

அவர் மைதானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடுத்த வரிசைக்குப் போனார். ஸ்டெல்லா நாற்காலி மேல் ஏறி “டோனீ” என்று கத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்து ஒரு கையைத் தூக்கினான். அடுத்த ஓட்டத்தில் மற்ற மூவரையும் பின்னால் விட்டான்.

போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: உங்கள் ஆள் பெஞ்சில் இருந்தால், விசிலுக்குப் பிறகு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணியில்தான் கத்திக் கத்தி எங்கள் இருவருக்கும் தொண்டை கட்டியது.