கஸ்பர் கட்டிய கம்பி

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கஸ்பரைத் தெரியாதவர்கள் கிடையாது. ‘ஸ்டோர்’ என்று எல்லோரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். எந்த மோட்டார் படுத்தாலும் அவர் போய் நாலு திட்டுத் திட்டினால் எழுந்து ஓடும் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதரை உள்ளங்கை அகல ரேடியோ ஒன்று மூன்று மாதமாக மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தது.

சிற்றலையில் செய்தியும் பாட்டும் அவருக்குச் சலித்துப்போய்விட்டன. வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஆசை. அவர்கள் எஸ்.எஸ்.பி. முறையில் அலையின் ஒரு பக்கத்தை மட்டும்தான் அனுப்புவார்கள். விட்டுப்போனதை ரேடியோதான் இட்டு நிரப்ப வேண்டும். குமிழ் மயிரிழை பிசகினாலும் மனிதக் குரல் வாத்துக் குரலாகிவிடும். கஸ்பருக்கு மூன்று மாதமும் வாத்துதான்.

இதற்காகத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தின் கூரையிலிருந்து கொய்யா மரம் வரை ஏரியலாகச் செப்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார். மழை விடாத ஊரில் அப்படி ஒரு கம்பியை யார் சும்மா விடுவார்கள்? லயத்துத் துணியெல்லாம் அதில் ஏறியது. கஸ்பர் இறக்கிப்போட, பக்கத்து வீட்டு வினோதா முறைக்க, தினமும் பஞ்சாயத்து. சமாதானம் பேசியே களைத்துப்போன அவர் மனைவி மரியநாயகி கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இந்தா பாருங்க. வர்ற சனிக்கெழமைக்குள்ள இதுல ஒரு மனுசக் கொரல் கேக்கணும். இல்லாட்டி அது துணிக் கம்பிதான்.”

லேசுப்பட்ட காரியமா அது? ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகள் ஓடும்வரை ரேடியோவில் ஒரே இரைச்சல். கரண்ட் போனால் அவை நிற்கும். ஆனால் கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட ஓட வேண்டியவரும் அவர்தானே!

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரி ரேடியோவில் இரைச்சல் சட்டென்று அடங்கி, வாத்து ஒன்று தெளிவாகக் கத்தியது. “மரியநாயகி, ஓடியா!” என்று அவர் கூவியபோதே போன் அடித்தது.

“கஸ்பர், கொழுந்து கெட்டுப்போயிரும், சீக்கிரம் வாங்க!” ஸ்டோரின் மேலதிகாரி டீமேக்கர்தான்.

ரேடியோவை மனைவி கையில் திணித்து, “மெல்லமாத் திருப்பு” என்று சொல்லிவிட்டு ஓடினார். ஜெனரேட்டரைத் தட்டிவிட்டபோது தன் கையாலேயே தன் ஆசைக்குக் குழி வெட்டியது போலிருந்தது. காற்றாடிகள் மறுபடி ஓடின.

சொன்ன சொல் சொல்தான், இனி அது துணிக் கம்பிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கம்பியில் ஒரு துணிகூட இல்லை. அதன் கீழே நின்று ஈரத்துணி வாளியோடு வந்த வினோதாவை மரியநாயகி விரட்டிக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சா?”

“நீங்க நட்டு முறுக்குற மாதிரி முறுக்குனா வாத்துதான் வரும். நான் அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி பாத்துப் பாத்துத் திருப்புனேன். திருச்சிக்காரரு ஒருத்தருங்க. மழையில மோர் மொளகா நனைஞ்சு போச்சாம். வீட்டம்மா ஏசுறாங்களாம். அப்படியே நம்ம பேச்சு!”

மூன்று மாதம் தவம் கிடந்தது ஒருவர், கேட்டது இன்னொருவர். கஸ்பருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மனைவியின் மலர்ந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்புதான் வந்தது.

“கடைசியில, வேற யாராச்சும் கேட்டுக்கிட்டு இருக்கீங்களான்னு கேட்டாருங்க.”

“அப்பறம்?”

“பதில் சொல்லாம இருந்தா மரியாதையா? ‘நோர்வூட்ல மரியநாயகி கேக்குறேங்க, இங்கயும் மழைதான்’னு சத்தமாச் சொன்னேன். அதுக்குள்ள பாழாப்போன காத்தாடி ஓட ஆரம்பிச்சிருச்சு. அவருக்குக் கேட்டிருக்கும்ல?”

அந்த ரேடியோவுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும், பேசத் தெரியாது. கஸ்பர் ஒரு முறை கம்பியைப் பார்த்தார், ஒரு முறை மனைவியைப் பார்த்தார்.

“நீ போட்ட சத்தத்துக்கு ரேடியோவே வேணாம் புள்ள. திருச்சிக்குக் கட்டாயம் கேட்டிருக்கும்” என்றார்.