பத்தாம் வகுப்பு எனக்குக் கிடைத்த விதம்

குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதில், எங்கள் சீனியர் டீச்சர் என்னைப் பாராட்டாத நாளே இல்லை. என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார். என்னைப் போல இங்கிலீஷ் பேச இந்த ஏரியாவிலேயே ஆளில்லை என்பார். நான் வெட்கத்தோடு நன்றி சொல்வேன். ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். என் சந்தோஷத்தில் எல்லோரும் கலந்துகொள்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டில் கணவரிடம் வேறு பெருமையடித்துக்கொள்வேன்.

டிராயிங் மிஸ்ஸும் நானும் ஊரப்பாக்கம் வரை ஒரே ரயிலில் போவோம். டிசம்பரில் ஒரு மாலை, தாம்பரத்தில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மிஸ், அவங்க உங்கள பாராட்டல. கிண்டல் பண்றாங்க. நீங்க தேங்க்ஸ் சொல்றதுக்குத்தான் எல்லாரும் வெயிட் பண்றாங்க."

அதன்பிறகு எந்த ஸ்டேஷனும் என் கண்ணில் படவில்லை. ஆறு மாதப் பாராட்டையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். காதெல்லாம் சுட்டது. அழுகை வரவில்லை. அந்த சீனியர் டீச்சரைச் சும்மா விடக்கூடாது என்றுதான் தோன்றியது.

மறுநாளும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். அடுத்த நான்கு மாதமும் சொன்னேன்.

ஏப்ரலில் வகுப்பு ஒதுக்கும் கூட்டம் நடந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு பல வருடங்களாக சீனியர் டீச்சருடையது. அதில் அவருக்குத் தனி கௌரவம். பிரின்சிபல் அவர் பெயரை எழுதப் போனார். சீனியர் டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் இவங்களுக்கே குடுத்துடுங்க சார். இவங்கள விட்டா வேற யாரு இருக்கா?" என்றார். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். ஜூன் மாதத்திலிருந்தே மிஸ் என்னை இப்படித்தான் ஊக்கப்படுத்துகிறார் என்று சொல்லி, அவர் பாராட்டியவற்றையெல்லாம் வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். பிரின்சிபலுக்கு ஆச்சரியம். "அப்படியா மிஸ்?" என்று அவரைக் கேட்டார்.

சும்மா கிண்டலுக்குச் சொன்னேன் என்றால், வருடம் முழுக்கச் செய்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முகம் வெளிறியது. "ஆமா சார்" என்றார்.

பத்தாம் வகுப்பு எனக்கு வந்தது. அவருக்கு ஆறாம் வகுப்பு. பிறகு என்னிடம் பேச நேர்ந்தால், ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துத்தான் பேசினார். இத்தோடு விட்டுவிடுங்கள் என்றார் டிராயிங் மிஸ். அடுத்த வருடம் சீனியர் டீச்சர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.