நாலு பேர் வேலை

"ஏன்டா கோவிச்சுக்கிற? என்ன குறைச்சல் உனக்கு?" என்று கணினித் திரையைக் கேட்டுக்கொண்டே, சிவப்பு எழுத்தில் வந்த பிழைச் செய்தியை வாய்விட்டுப் படிப்பாள் கடைக்குட்டி. நிரலில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்தால் இடக்கையில் ஒரு விரலை மடக்குவாள், மூடினால் நிமிர்த்துவாள். ஒருமுறை இரண்டு விரல் மடங்கியிருக்கையில் தொலைபேசி அடித்தது. மடக்கிய விரலை விடாமல், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே பேசி முடித்தாள்.

வயது முப்பத்து நாலு. பார்சல் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்த நான்கு பெண்களில் இளையவள் என்பதால் அந்தப் பெயர். கடைகள் அனுப்பும் முகவரிப் பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கம்பெனிப் படிவத்தில் தட்ட வேண்டும். நால்வரும் தற்காலிகம். "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்று மேலாளர் சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் ஓடியிருந்தது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்தவளுக்குத் தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அதற்கு ஒரு நிலையான வேலை வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் இலவசப் பாடங்களைப் பார்த்து, யார் துணையுமின்றி நிரல் எழுதப் பழகினாள். நேரம் கடந்துவிட்டால் பக்கத்து நாற்காலிப் பெரியக்கா அவள் பட்டியலில் பாதியைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். "நீ படிடி. எங்க விரல்தான் தேயுது, உன் மூளையாவது ஓடட்டும்."

நிரல் எழுதும் வேலை கேட்டு வேறு கம்பெனிகளுக்குப் போன இரண்டு நேர்காணலிலும் ஒரே கேள்வி: "நீங்களா செஞ்சது ஏதாவது இருக்கா?" மூன்றாவதில் காட்டுவதற்கென்று ஒரு நிரல் எழுதினாள். பட்டியலைக் கொடுத்தால் போதும், படிவங்களை அதுவே நிரப்பிவிடும். நாலு பேரின் ஒரு நாள் வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "சார், எங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கா, வந்து பாருங்க!" என்று மேலாளரைக் கையோடு கூட்டி வந்தவள் அவள்தான்.

"இனிமே நாங்க நாலு பேரும் சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம் சார்," என்றாள் கடைக்குட்டி. அவர் சிரித்தார்.

அடுத்த மாதம் மூன்று பேர் வீட்டுக்குப் போனார்கள். கடைக்குட்டிக்குக் கம்பெனி மாடியில் தனி அறையும் நிரந்தர வேலையும் கிடைத்தன.

"அதை எடுத்துடறேன் சார். பழையபடி தட்டறோம்," என்று மேலாளர் முன் போய் நின்றாள்.

"அது கம்பெனி மெஷின்ல இருக்கும்மா. நீ இருக்கிறதும் போறதும் உன் இஷ்டம்."

அவள் இருந்துவிட்டாள்.

கடைசி நாளன்று கிளம்பும்போது பெரியக்கா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். "நீ ஏன்டி அழற? அவரைக் கூப்பிட்டது நான்தானே?"

இப்போது தனி வீடு இருக்கிறது, கதவும் இருக்கிறது. மூன்றாவது நேர்காணல் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பல் துலக்கும்போதுகூடத் தோன்றும். பெரியக்கா ஒரு துணிக்கடை வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அழைக்கிறாள். அந்தக் கடையைத் தவிர்க்க இவள் இரண்டு தெரு சுற்றிப் போவாள்.

போன வாரம் சுற்றுவழியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கடைக்கு எதிர்ப்பக்கமாகத் தலைகுனிந்து நடந்தாள்.

"அதோ போறா பாரு, எங்க பொண்ணு! கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு!" பெரியக்கா பக்கத்தில் நின்றவளிடம் உரக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் வீசிக் காட்டினாள்.

கடைக்குட்டியும் கையைத் தூக்கினாள். பாதி உயரத்தில் அதைத் தலைக்குக் கொண்டுபோய், கலையாத முடியை ஒதுக்கிக்கொண்டாள்.