அஞ்சு போனா அஞ்சு வரோணும்

பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துணியை உருவுகிறார் மகுடேஸ்வரன். வெயிலுக்கு நேராக நீட்டிப் பிடிக்கிறார், கட்டைவிரலால் தேய்க்கிறார், முகத்தைச் சுளித்து மூலையில் எறிகிறார். அடுத்த துணி. பட்டறை வாசலில் கலப்பையைத் தூக்க முடியாத டிராக்டர் ஒன்று நிற்கிறது. அதன் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவிக்கிறார். இவரோ கல்யாணப் பட்டு எடுக்க வந்தவரைப் போல நிதானமாக இருக்கிறார்.

பொங்கலூர் பக்கம் டிராக்டரின் ஹைட்ராலிக் லிப்ட் மக்கர் செய்தால் இவரிடம்தான் வரும். "இஞ்சின் நமக்குத் தெரியாதுங்க. தூக்கறது, எறக்கறது மட்டுந்தானுங்க நம்ம வேலை" என்பார். இந்த வேலைக்கு வரும் முன்பு பதினோரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங். அந்தக் கண் இன்னும் போகவில்லை. என் பனியன் துணிச் சட்டையில் பின்னல் பிசகி ஊசிக்கோடு ஓடுவதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே மெக்கானிக் இவர்தான். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நான் போடவே இல்லை.

துணியில் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஹைட்ராலிக் எண்ணெயில் பஞ்சு கலந்தால் லிப்ட் படுத்துவிடும். இந்த ஊரிலோ கை துடைக்கவும் குழாய் வாயை அடைக்கவும் பனியன் துணிதான். அதனால் இவர் பஞ்சு உதிராத இன்டர்லாக் துணியாகப் பொறுக்கி ஐந்து துண்டு வெட்டுவார். ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு மூலையைச் சாய்வாகக் கத்தரித்து எவர்சில்வர் தட்டில் வைப்பார். வேலை முடிந்து லிப்டின் மூடியைப் போடும் முன் எண்ணுவார். "அஞ்சு போனா அஞ்சு வரோணும்." எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். சோறு ஆறுகிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி சின்னாத்தாள் இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை.

போன ஐப்பசியில் எங்கள் தெரு மருதாள் அக்காவின் டிராக்டர் வந்தது. முந்தின நாள் மழையில் மண் பதமாக இருந்தது. வாங்கி வைத்த விதை வெங்காயம் முளைவிடத் தொடங்கியிருந்தது. அன்றே ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணைப் பொடியாக்காவிட்டால் பதம் போய்விடும், ஆனால் லிப்ட் எழும்பவில்லை. பம்பே போய்விட்டது என்று வேறு இரண்டு பேர் சொன்னதில் அக்கா வாடிப்போயிருந்தார். மகுடேஸ்வரன் லிப்டின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார், எண்ணெயை வடித்தார், வடிகட்டியைக் கழற்றினார். கசங்கிய துணி ஒன்று அதில் அப்பிக் கிடந்தது.

தன் டிரைவர்தான் போட்டிருப்பான் என்று அக்கா திட்டத் தொடங்கினார். இவர் துணியை டீசலில் அலசி விரித்தார். ஒரு மூலை சாய்வாக இருந்தது. அக்காவுக்கு அது எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும்.

"இது என்ற துணிங்கக்கா, நா வெட்டுனது" என்றார் மகுடேஸ்வரன். "ஆடியில இதே மூடியக் கழட்டுனனுங்களே, அன்னைக்கு எண்ணுலீங்க. கவிப்பிரியாவுக்கு வேலை கெடச்சிருச்சுன்னு போன் வந்துதுங்க. சந்தோசத்துல மூடீட்டனுங்க."

கவிப்பிரியா அவர் மகள். அன்று தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார், அக்காவும் வாங்கித் தின்றவர்தான். அக்கா டிரைவரைத் திட்டுவதை விட்டார்.

"மைசூர்பாகு நல்லாத்தான் இருந்துது தம்பி. வெரசா மாட்டிக் குடு, காடு காயுது."

எனக்கு அக்கா மேலும் மகுடேஸ்வரன் மேலும் பிரியம் வந்துவிட்டது. மூன்று மணிக்கு லிப்ட் எழும்பியது, பொழுது இறங்குவதற்குள் காட்டை ஓட்டி முடித்தார்கள். வெங்காயமும் குறை சொல்ல முடியாமல் வந்தது.

இன்று வேட்டிக்காரரின் வேலையும் ஒருவழியாக முடிகிறது. மகுடேஸ்வரன் ஐந்து துணியையும் எண்ணுகிறார். மூடியை எடுக்கப் போனவர் நின்று, அந்த எவர்சில்வர் தட்டை வேட்டிக்காரரிடம் நீட்டுகிறார்.

"நீங்களும் ஒருக்கா எண்ணீருங்க."

அவர் புரியாமல் விழித்துவிட்டு, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணித் தலையாட்டுகிறார். அதற்குப் பிறகுதான் மூடியை முடுக்க இவர் கை ஸ்பேனரைத் தேடுகிறது.