மொட்டைச் சரிவு ஓட்டம்

கம்பத்து அரிசிக்குத் தனி மணம் என்று எங்கள் ஏலத்தோட்டத்துக் கங்காணியின் மனைவி ஒரு கை அள்ளி மூக்கருகே வைத்து முகர்ந்து சொல்வாள். அடக் கண்ணராவியே! அது கம்பத்து மணமில்லை, எங்கள் இடுப்பு மணம். குழாய் மாதிரி நீளமாகத் தைத்த துணிப்பையில் அரிசியைப் போட்டு, இடுப்பைச் சுற்றியும் முதுகிலும் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு மலையேறி ஓடி வருவோம். தோட்டம் வந்து சேரும்போது வேர்வையில் நனைந்த பையைப் பிழியலாம். அதைத்தான் விற்றோம், அதைத்தான் வடித்தும் தின்றோம். உலை கொதிக்கிற வாடை இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

எழுபதுகளில் மாநில எல்லை தாண்டி அரிசி கொண்டுவரக் கூடாது. கீழே கம்பத்தில் களம் களமாக நெல் குவிந்து கிடக்கும். மேலே கம்பம்மெட்டைச் சுற்றிய ஏலக்காடுகளில் வேலை செய்த நாங்கள், ரேஷனில் போட்ட அரிசியில் புழுப் பொறுக்கிக்கொண்டிருப்போம். அதனால் வாரம் ஒரு நாள் பொம்பளைகளாகச் சேர்ந்து இறங்கி, அரிசி வாங்கிக் கட்டிக்கொண்டு ஏறுவோம். ஆம்பளைகள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தோட்டத்து வேலை இருந்தது, பிடிபட்டால் போகிற மானம் வேறு இருந்தது. எங்களுக்கு அது இல்லை போலிருக்கிறது.

மேலே ஏற மூன்று வழி. பஸ் போகிற ரோட்டில் சோதனைச் சாவடி இருந்ததால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். இரண்டாவது, மாட்டுத்தடம். வளைந்து வளைந்து மெதுவாக ஏறும், கிழவிகூட ஏறலாம். ஆனால் பாதி வழியில் ஓலைக் கொட்டகை போட்டு அரிசி பிடிக்கிற காவல்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது, பாறை வழி. கையும் காலுமாகத் தொற்றி ஏறினால் மேலே ஒரு பெரிய சரிவு வரும். மரமோ புதரோ கிடையாது, மொட்டைச் சரிவு என்றுதான் அதற்குப் பேர். மழைக்காலத்தில் ஆளுயரப் புல் மறைக்கும், அட்டை ஏறி ரத்தம் குடிக்கும். மாசி பிறந்தால் புல்லுக்குத் தீ வைத்துவிடுவார்கள். அப்புறம் எதிரே கொட்டகையிலிருந்து பார்த்தால் சரிவில் ஓணான் ஓடினாலும் தெரியும். நாங்கள் அந்தச் சாம்பலில் ஒரே மூச்சில் ஓடி, அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் நுழைந்துவிடவேண்டும். நடந்தால் தீர்ந்தது.

அந்த ஓட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமாகி வந்த வருஷமே என் மாமியார், தன் மருமகள் காலில் சக்கரம் இருக்கிறது என்று நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகள், அந்த லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டாள். மறு வருஷம் வயிற்றில் பிள்ளை வந்தது. ஆறாம் மாதத்தில் பாறையில் தொற்ற முடியவில்லை. சரி, இனி வீட்டில் கிடக்கலாம் என்று நினைத்தேன். மாமியாருக்கு வேறு யோசனை வந்தது.

அந்தக் காவல்காரர்கள் பிள்ளைத்தாய்ச்சி எவளையும் நம்ப மாட்டார்கள். நம்பாததற்குக் காரணமும் எங்கள் ஆட்கள்தான். வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து, முக்கி முனகி அவர்கள் முன்னாலேயே நடந்து போனவர்கள் எத்தனையோ பேர். அதனால் வயிறு தள்ளியிருந்தால் குத்திப் பார்க்காமல் விடமாட்டார்கள். என் வயிறு நிஜ வயிறு. நான் வெறுங்கையோடு மாட்டுத்தடத்தில் முன்னால் நடக்கவேண்டும். அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு சோதிக்கிற நேரத்தில், பாறை மறைவில் காத்திருக்கும் மற்றவர்கள் சரிவில் ஓடிவிடுவார்கள். இதுதான் யோசனை.

கீழே வழி பிரிகிற இடத்தில் மாமியார் என் முந்தானையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள். "ஒடனே காட்டிப்புடாதத்தா. கொஞ்சம் முறுக்கிக்கிட்டே நில்லு. நாங்க ஏறி முடிக்கிற மட்டும் அவனுக சந்தேகத்துலயே கெடக்கட்டும்."

பெற்ற மகளிடம் இப்படிச் சொல்லியிருப்பாளா? மகள் பக்கத்தில்தான் நின்றாள், என் நாத்தனார், கல்யாணமாகாதவள். இடுப்பில் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மதினிக்கு இன்றைக்குச் சுமையே இல்லை, கொடுத்துவைத்தவள் என்றாள்.

கொட்டகைக்கு வந்தேன். ஒருத்தன் வயசாளி, மூக்குப்பொடி போடுகிறவன். மூக்கைச் சிந்திய விரலைத் தூணில் தேய்த்துவிட்டு எழுந்து வந்தான். இன்னொருத்தன் சின்ன வயசு, பெஞ்சில் சாய்ந்து கிடந்தான். வயசாளி என் வயிற்றை மேலும் கீழும் பார்த்தான்.

"எத்தனை படிம்மா?"

நான் இரண்டு கையையும் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டேன். தொட்டால் நடக்கிறதே வேறு என்று கத்தினேன். உன் வீட்டில் பொம்பளைகள் இல்லையா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். எனக்கு வந்த கோபம் நிஜக் கோபம். யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் அதையேதான் கத்தியிருப்பேன். ஆனால் அந்தக் கோபத்தையும் மாமியார் முன்கூட்டியே வேலைக்கு வைத்துவிட்டாள். சீ, என் வாயில் வருவது என் பேச்சா அவள் பேச்சா என்று எனக்கே தெரியவில்லை.

அவன் பிரம்பால் வயிற்றைத் தட்டினான், பானை வாங்குகிறவன் தட்டுகிற மாதிரி. அவன் தோளுக்கு மேலே எதிர்ச்சரிவு தெரிந்தது. மாமியார் குனிந்து ஓடினாள். அவள் பின்னால் எங்கள் லயத்துக்காரிகள் இரண்டு பேர் ஓடினார்கள். கடைசியில் நாத்தனார். நடுச்சரிவில் அவள் சறுக்கி விழுந்தாள். எழுந்தவள் ஓடவில்லை. பை கிழிந்துவிட்டது போல. அங்கேயே குந்தி உட்கார்ந்து சாம்பலிலிருந்து அரிசியைக் கூட்டி மடியில் அள்ளிக்கொண்டிருந்தாள். அடிப்பாவி, எழுந்து ஓடித் தொலையேன்! ஒவ்வொரு கையாக அள்ளுகிறாள். நான் இங்கே ஒருத்தனிடம் குத்துப்பட்டுக்கொண்டு நிற்கிறேன், அவள் கரி படிந்த அரிசியைப் பொறுக்குகிறாள்.

பெஞ்சில் கிடந்தவன் பீடியை வாயில் வைத்தான். காற்றுக்கு மறைவாகப் பற்றவைக்க எழுந்து சரிவுப் பக்கம் திரும்பப் போனான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வயசாளியின் கையை நானே பிடித்தேன். கொசுவத்தைத் தளர்த்தி, அந்தப் பொடிக்கையை என் வெறும் வயிற்றில் வைத்தேன். "பாத்துக்கங்க. நல்லாப் பாத்துக்கங்க" என்றேன். பீடிக்காரன் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வந்துவிட்டான்.

அந்தக் கை ஈரமாக இருந்தது. இங்கே அழுத்திப் பார்த்தது, அங்கே அழுத்திப் பார்த்தது. அப்போது பிள்ளை உதைத்தது. நல்ல பலமான உதை. அதுநாள்வரை என்னைத் தவிர யாரும் அறியாத உதை, என் வீட்டுக்காரர் இவரும்கூட அறியாதது, அந்தக் கைக்குக் கிடைத்தது. அவன் வெடுக்கென்று கையை எடுத்து, காக்கி டவுசரில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்தான். என்னைத் தொட்டதற்கு அவன் துடைத்துக்கொள்கிறான்! தூ. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், போம்மா, வெயிலுக்கு முன்னே போய்ச் சேர் என்றான். சரிவில் யாரும் இல்லை.

வழியில் ஓடைத் தண்ணீரை அள்ளி அள்ளி வயிற்றில் ஊற்றிக்கொண்டேன். மணலை எடுத்துத் தேய்த்தேன். தோல் எரிந்தது, அந்த விரல் போகவில்லை. லயத்துக்கு வந்தால் சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்டது. மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு நெட்டி முறித்தாள். கெட்டிக்காரி, பிரசவம் வரைக்கும் வாராவாரம் நீதான் முன்னால் நடக்கவேண்டும் என்றாள். நிஜ வயிறு என்று தெரிந்துவிட்டதே, இனி சோதிக்க மாட்டார்களே என்று லயத்துக்காரி ஒருத்தி கேட்டதற்கு, அவர்கள் ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள் என்றாள். கிழிந்த பையில் தப்பிய அரிசியை நாத்தனார் ஏழெட்டுத் தண்ணீரில் அலசியும் கரி போகவில்லை. அதையே உலையில் போட்டார்கள்.

இவர் சாயங்காலம் ஏலக்காட்டிலிருந்து வந்தார். மாமியார் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நான் அந்த ஆளின் கையைப் பிடித்து வைத்ததை அவள் எங்கே பார்த்தாளோ, நடித்தே காட்டினாள். இவர் முகம் கறுக்கும், யாரையாவது நாலு வார்த்தை கேட்பார் என்று நான் அடுப்படியில் நின்று காத்திருந்தேன். சிரித்தார். சுமை இல்லாமல் கைவீசி நடப்பது உனக்கும் நல்லதுதானே என்றார். என் கட்டிய புருஷன்!

சாம்பல் நிறத்துச் சோற்றை அவர் தட்டில் போடக் குனிந்தேன். அவர் சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு, மற்றக் கையை என் வயிற்றை நோக்கி நீட்டினார். எனக்கும் ஒரு தடவை உதைக்கச் சொல்லு என்றார், அதே சிரிப்போடு.

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"நீங்களும் அரிசி இருக்கான்னு பாக்கப் போறீகளா?"

இவர் கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தார். அடுத்த வாரம் நான் மாட்டுத்தடத்தில் போகவில்லை. முதுகில் அரிசியைக் கட்டிக்கொண்டு, முடியாது என்றிருந்த பாறையில் எப்படியோ தொற்றி ஏறி, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி மொட்டைச் சரிவில் ஓடினேன்.